முட்டை சேராத அடுப்பு

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதை யாரிடமும் மறைத்ததில்லை. பேச இடம் கிடைத்தால் அதைத்தான் முதலில் சொல்வேன். ஏனென்றால் அதற்கு அடுத்த வரி என் கடை, அதற்கும் அடுத்த வரி என் மூன்று மாடி வீடு. வேங்கிக்கால் பக்கம் புதிதாக எழும்பிய தெருக்களில் பாதி வீட்டுக்குக் கம்பியும் சிமெண்டும் என் கடையிலிருந்துதான் போயின. கலெக்டர் ஆபீசில் வேலை பார்க்கிறவர்கள், வாத்தியார்கள், பேங்க்காரர்கள் எல்லோரும் கடைக்கால் தோண்டுவதற்கு முன்னால் என் கடை ஸ்டூலில் வந்து உட்கார்ந்து, "எத்தனை எம்எம் கம்பி போடலாம்?" என்று என்னைக் கேட்பார்கள். படித்தவன் கேட்பான், படிக்காதவன் சொல்வான். வாழ்க்கையில் அதைவிட ருசியானது ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தேன்.

இருந்தது. அது எனக்கு அறுபத்தாறு வயதில் ஒரு மாதம் போலக் கிடைத்தது. கெடுத்தவனும் நான்தான்.

போன ஆடி மாதம் கடையில் லோடு இறங்கிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். இரண்டு மாதம் கடைப் பக்கம் போகக்கூடாது, மாடி ஏறக்கூடாது, கத்தக்கூடாது என்றார் டாக்டர்.

"கத்தாம எப்படி சார் இரும்புக் கடை நடத்தறது?" என்றேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற என் மகன், "அதான் நான் இருக்கேன்லப்பா" என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான். எனக்கு அது நெஞ்சில் வைத்த கம்பியைவிட அதிகமாகக் குத்தியது.

முதல் பத்து நாள் பேப்பரை எழுத்துக் கூட்டிப் படித்தேன். டிவி பார்த்தேன். கடைக்கு நாளைக்குப் பத்துத் தடவை போன் போட்டேன். முதலில் மகன் எடுத்தான், பிறகு எடுப்பதை விட்டான். ஒரு நாள் பில் போடுகிற பெண் எடுத்து, "ஓனர் பிஸியா இருக்காருங்க, அப்புறம் கூப்பிடச் சொல்றேன்" என்றாள். யாருடன் பேசுகிறோம் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டேன்.

அடுத்த நாள் காலை பதினோரு மணி இருக்கும், பின்பக்கத்திலிருந்து வாசனை வந்தது. வாழைப்பழம், வெல்லம், ஏலக்காய் மூன்றும் சூட்டில் ஒன்றாகக் கலந்த வாசனை. எழுந்து போனேன்.

சிமெண்ட் மூட்டை வைக்க நான் கட்டிய ஸ்டோர் ரூம் அது. என் மருமகள் அதைக் கழுவி, வெள்ளையடித்து, இரண்டு மேசை போட்டு, எலக்ட்ரிக் ஓவன் ஒன்று வைத்திருந்தாள். செங்கம் ரோட்டில் ஆசிரமப் பக்கம் இருக்கிற மூன்று கஃபேக்களுக்கு அவள் கேக் செய்து கொடுப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். "நாலு கேக்குக்கு இவ்வளவு கரண்டா?" என்று ஒருமுறை கேட்டதைத் தவிர நான் அதைக் கண்டுகொண்டதில்லை. பி.காம். படித்த பெண். என் கடைக் கணக்கைப் பார் என்று சொல்லிப் பார்த்தேன். "எனக்கு இது போதும் மாமா" என்று சொல்லிவிட்டாள்.

"என்னம்மா பண்றே?"

"மாவு சலிக்கிறேன் மாமா."

"இதுக்குப் பேரு சலிக்கிறதா? குடு இங்க."

ஒரு லோடு ஆற்று மணலை ஒரே ஆளாக நின்று சலித்தவன் நான். கொத்தனார் வேலைக்கு வருவதற்கு முன் எனக்கு அதுதான் வேலை. சல்லடையை வாங்கி நாலு ஆட்டு ஆட்டினேன். மேசை, தரை, என் பனியன், அவள் முகம், எல்லாம் மாவு.

"மாமா, மெதுவா! வீடு பூசறதுக்கா சலிக்கிறீங்க?" என்று சிரித்தாள். இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருடத்தில் அவள் என் முன்னால் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

மறுநாளும் போனேன். அதற்கடுத்த நாள் அவள் எனக்கென்று ஒரு சல்லடையும் ஏப்ரனும் எடுத்து வைத்திருந்தாள்.

என்னுடைய முதல் கேக் நடுவில் குழி விழுந்து, தண்ணீர் தேங்கிய ரோடு மாதிரி வந்தது. "கதவைத் திறந்து திறந்து பாத்தீங்கள்ல மாமா? அதான் உக்காந்துடுச்சு" என்றாள். உண்மைதான். வேலையாள் மேல் கண் வைத்தே பழகினவன். உள்ளே விட்டதை நம்பிக் கதவை மூடி வைக்க எனக்குத் தெரியவில்லை. அதைக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் ஆனது. தயிரில் சோடா உப்பைப் போட்டால் நுரைத்து எழும்பும், எழும்பின கையோடு மாவில் ஊற்றி அதிகம் கிளறாமல் டின்னில் விட வேண்டும். கலவையைப் போட்டு அடிக்கக்கூடாது. சிமெண்டு கலவை எவ்வளவு புரட்டினாலும் நல்லது, இது அப்படி இல்லை. கேழ்வரகு மாவு, நாட்டுச் சர்க்கரை, வாழைப்பழம், கேரட் எல்லாவற்றிலும் செய்தோம். குச்சியைக் குத்திப் பார்த்தால் ஒட்டாமல் வர வேண்டும். அது முதல் தடவை ஒட்டாமல் வந்தபோது அந்தக் குச்சியை எடுத்துப் போய் முன்ரூமில் இருந்த என் மனைவியிடம் காட்டினேன்.

"நாப்பது வருசமா தண்ணி மோந்து குடிக்காத ஆளு, குச்சியத் தூக்கினு வந்து காட்டறாரு பாரு" என்றாள் அவள்.

ருசி கண்டுவிட்டேன். வீட்டுச் சமையலறையிலும் நுழைந்தேன். மத்தியானம் பூண்டுக் குழம்பு வைத்தேன், சாயங்காலம் கேழ்வரகு அடை தட்டினேன், ஞாயிற்றுக்கிழமை கறி வறுத்தேன். மனைவி நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பாள். "உப்பு ஜாஸ்தி. சொன்னா உங்களுக்கு பிரஷர் ஏறும், அதனால நல்லாருக்குன்னு சொல்றேன்" என்பாள். போகிறவர் வருகிறவருக்கெல்லாம் தட்டில் வைத்துக் கொடுத்தேன். எதிர்வீட்டு ரிட்டையர்ட் தாசில்தார் இரண்டு துண்டு கேக் தின்றுவிட்டு, "நீங்களா செஞ்சீங்க? நம்பவே முடியலையே" என்றார். அன்று ராத்திரி மாத்திரை போடாமலே தூக்கம் வந்தது. கடைக்குப் போன் போடுவதை நான் நிறுத்திவிட்டேன் என்பதை மகன் வந்து சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

மருமகளுக்கு இது என்னைப்போல் பொழுதுபோக்கு இல்லை. அதை அவளே ஒரு நாள் டின்னுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள். மூன்று கஃபேயில் பெரியதை நடத்துகிற அம்மா, கார்த்திகையில் கூட்டம் தொடங்கும்போது தன் கடையின் முன் மூலையை இவளுக்கே கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். கண்ணாடிப் பெட்டி ஒன்று வைத்து இவள் பெயரிலேயே விற்கலாம். ஆறு வருடத்தில் அவள் தனக்கென்று கேட்ட ஒரே ஒரு காரியம் அது. என்னிடம் கேட்கவில்லை, ஊரில் கேட்டு வாங்கியிருக்கிறாள். அதை அவள் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

"ஆனா மாமா, ஒண்ணு. இந்த ரூமுக்குள்ள முட்டை வரவே கூடாது. பாத்திரம், கரண்டி, துடைக்கிற துணி எதுவும் அந்தக் கிச்சன்லேர்ந்து இங்க வரக்கூடாது. அங்க சாப்பிட வர்றவங்கள்ல பாதிப் பேர் முட்டை தொடாதவங்க. நம்ம வீட்ல கறி மீன் எல்லாம் செய்வோம்னு அந்தம்மாவுக்குத் தெரியும். தெரிஞ்சும் என்னை நம்பித்தான் வாங்கறாங்க. நான் வாக்கு குடுத்திருக்கேன்."

"முட்டை என்னம்மா, கறியா?"

"மாமா."

"சரி சரி. வராது."

இதைச் சொல்லும்போது யோசிக்கிறேன். அவள் சொல்லவில்லை, எனக்குத் தெரியாது என்று சொல்ல முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். சொன்னாள். தெரியும்.

ஆவணியில் அவள் அம்மாவுக்கு டெங்கு காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அடி அண்ணாமலையில்தான் அவள் பிறந்த வீடு. அப்பா இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. இவள்தான் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும். "மூணு கடைக்கும் போன் பண்ணி நாலு நாள் கேக் இல்லன்னு சொல்லிடறேன்" என்றாள்.

நான் விடவில்லை. "நான் எதுக்கு இருக்கேன்? இந்த ஊர்ல எவனாவது என் கடையாண்ட வந்து சரக்கு இல்லன்னு திரும்பிப் போயிருக்கானா? நீ போம்மா. நான் பாத்துக்கறேன்."

என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு செய்முறையை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஓவனுக்கு மேலே ஒட்டிவிட்டுப் போனாள். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் என்பதால் பெரிதாக எழுதியிருக்கிறாள். அதை நான் அன்றைக்குக் கவனிக்கவில்லை.

முதல் நாள் ஆறு டின் ஊற்றினேன். நடுவில் தாசில்தார் வந்தார். அவருக்கு என் பிரதாபத்தைச் சொல்லிக்கொண்டே கலந்ததில் சோடா உப்பை மறந்துவிட்டேன். ஆறும் செங்கல்லாக வந்தன. மணி ஒன்றரை. மூன்று மணிக்கு ஆட்டோ வரும். தயிர் அவ்வளவும் தீர்ந்துபோயிருந்தது. வாங்கியிருக்கலாம். தெருமுனைக் கடையில் தயிர் பாக்கெட் கிடைக்கும், நடந்து போய்வர ஐந்து நிமிடம். சாக்குச் சொல்லிப் பிரயோஜனமில்லை. தயிர் இல்லை என்பதற்காக நான் முட்டை போடவில்லை. ரொம்ப நாளாகவே எனக்கு உள்ளுக்குள் ஒரு அரிப்பு இருந்தது. முட்டை போட்டால் இது இன்னும் நன்றாக வரும், இவர்களுக்குத் தெரியவில்லை என்ற அரிப்பு.

நான் சித்தாளாக இருந்தபோது பழைய வீடு ஒன்றில் சுண்ணாம்புப் பூச்சு பார்த்திருக்கிறேன். பெரிய மேஸ்திரி கூடை கூடையாக முட்டை உடைத்து வெள்ளைக்கருவைச் சுண்ணாம்பில் கலப்பார். சுவர் கண்ணாடி மாதிரி வரும். அந்த வீட்டுக்காரரும் முட்டை தொடாதவர்தான். சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் இருந்தார்.

சமையலறையில் ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு டஜன் முட்டையை எடுத்தேன். மனைவி பார்த்தாள்.

"அது எதுக்கு?"

"ஆம்லெட் போட."

"பன்னெண்டா?"

முட்டைகளோடு ஸ்டோர் ரூமுக்கு நடந்தேன். அவள் மேலே கேட்கவில்லை. என்னிடம் மேலே கேட்டுப் பழக்கமில்லை அவளுக்கு.

கேக் வந்தது பாருங்கள். பஞ்சு. விரலை வைத்து அமுக்கினால் அமுங்கி எழுந்தது. மேல்பக்கம் பொன்னிறம். ஓரத்தை ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டேன், கரைந்தது. மூன்று மணிக்கு ஆட்டோவில் அனுப்பினேன். ஐந்து மணிக்கு அந்தக் கஃபே அம்மா போன் செய்தார். "ஐயா, இன்னைக்கு நீங்களா பண்ணீங்க? அரை மணியில காலி. நாளைக்கு ரெண்டு டின் கூட வேணும்."

இரண்டாம் நாளுக்கு எந்தச் சாக்கும் இல்லை. தயிர் இருந்தது, சோடா உப்பு இருந்தது, தாசில்தாரும் வரவில்லை. முட்டைதான் போட்டேன். மூன்றாம் நாளும் போட்டேன்.

நான் எப்படிப் பெரிய ஆளானேன் என்பதை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். மேஸ்திரியாக இருந்த காலத்தில் ஒரு வாத்தியாருக்கு வீடு கட்டினேன். பில்லருக்கு நாலு கம்பி என்று பேச்சு. நான் அவரைக் கேட்காமல் ஆறு கம்பி போட்டேன், என் கைக்காசில். கிரகப்பிரவேசத்தன்று பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் முன்னால் சொன்னேன். அவர் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அந்த ஒரு வீட்டில் எனக்கு அடுத்த பத்து வீடு வந்தது. அதிலிருந்து என் வழி அதுதான். கேட்காததைச் செய்துவிடு, காரியம் முடிந்ததும் நாலு பேர் முன்னால் சொல்லு. கேட்டுவிட்டுச் செய்தால் வேண்டாம் என்பான். செய்துவிட்டுச் சொன்னால் கும்பிடுவான். நாற்பது வருடத்தில் ஒருவன்கூட என்மேல் கோபப்பட்டதில்லை.

நாலாம் நாள் கேக்கை நானே கொண்டுபோனேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, விபூதி. ஆட்டோவில் மடியில் டின்னை வைத்துக்கொண்டு செங்கம் ரோட்டில் போய் இறங்கினேன். தாழ்வான மேசை போட்ட இடம். வெள்ளைக்காரர்கள் நாலைந்து பேர், வடக்கத்தி ஆட்கள் சிலர், நம்மூர்க்காரர்கள் சிலர். கஃபே அம்மா சென்னையிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர். கைகூப்பி வரவேற்றார். என்னை நடுவில் உட்கார வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி, "நாலு நாளா கேக் இவர் கையில வந்ததுதான்" என்றார்.

மூலையில் ஒரு பெரியவர் இருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, இங்கே ஒரு அறை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருப்பவர். ஒரு வேளைதான் சோறு. சாயங்காலம் ஒரு டம்ளர் பாலும் ஒரு துண்டு கேக்கும், அவ்வளவுதான் ஆகாரம் என்று அந்த அம்மா சொன்னார். பெரியவர் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். காய்த்துப்போன கை.

"இந்தக் கையா இவ்வளவு மெத்துன்னு செய்யுது? எப்படி சார்?" என்று கேட்டு, அடுத்த விள்ளலை வாயில் போட்டுக்கொண்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். படித்தவர்கள், இங்கிலீஷ் பேசுகிறவர்கள், அத்தனை பேரும். எனக்கு அந்தப் பந்தி நினைவுக்கு வந்தது.

"ஒண்ணும் இல்ல சார். ஒரு டின்னுக்கு ரெண்டு முட்டை. அவ்வளவுதான் ரகசியம். நாலு நாளா சாப்பிடறீங்க, யாருக்காவது தெரிஞ்சுதா? ஏதாவது ஆச்சா?"

சொல்லிவிட்டுச் சிரித்தேன். நான் சிரித்தது எனக்கே கேட்டது, ஏனென்றால் வேறு சத்தமே இல்லை.

பெரியவர் மெல்லுவதை நிறுத்தினார். வாயில் இருந்ததைத் துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை. கையால் வாயை மூடிக்கொண்டு எழுந்து வாஷ்பேசினுக்குப் போனார். தண்ணீர் விட்டு விட்டுக் கொப்பளித்தார். ரொம்ப நேரம் கொப்பளித்தார். பிறகு யாரையும் பார்க்காமல் வெளியே இறங்கிப் போனார். செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு ரோட்டில் போனார். ஒரு வெள்ளைக்காரப் பெண் பக்கத்தில் இருந்தவரிடம் என்ன என்று கேட்டாள். அவர் சொன்னார். அவள் கையில் இருந்த முள்கரண்டியைத் தட்டில் வைத்தாள்.

"ஐயா, நீங்க கிளம்புங்க" என்றார் கஃபே அம்மா.

"இல்லம்மா, நான் என்ன சொல்றேன்னா..."

"தயவுசெஞ்சு கிளம்புங்க."

அன்றைக்கே மூன்று கஃபேக்கும் தெரிந்துவிட்டது. மருமகளுக்கு போன் போயிருக்கிறது. மறுநாள் அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு அவள் வந்தாள். நான் முன்ரூமில் உட்கார்ந்திருந்தேன். அழுவாள், கத்துவாள், பதில் சொல்லிவிடலாம் என்று தயாராக இருந்தேன். அவள் நேராக ஸ்டோர் ரூமுக்குப் போய் அரை மணி நேரம் கழித்து வந்தாள். டின்களையெல்லாம் புளி போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தாள். கை சிவந்திருந்தது.

"எத்தனை நாள் மாமா?"

"நாலு."

"நான் போன அன்னிக்கே?"

"ஆமா. சோடா உப்பு மறந்துட்டேன்..."

"போன்ல சொல்லியிருந்தா நான் வந்திருப்பேனே. பஸ்ல இருபது நிமிஷம்."

"நான் போய்ப் பேசறேன்மா. எனக்குத் தெரியாத ஆளா இந்த ஊர்ல? யாரைப் புடிச்சு..."

"வேணாம் மாமா. நீங்க பேசனதாலதான் இப்ப இங்க நிக்கிறேன்."

சத்தம் போடாமல்தான் சொன்னாள். அப்படி ஒரு வார்த்தையை என் வீட்டில் வைத்து யாரும் என்னிடம் சொன்னதில்லை. மகன் சாயங்காலம் வந்து, "உனக்கு எதுக்குப்பா இந்த வேலையெல்லாம்?" என்று மட்டும் கேட்டான். அவனைத் திட்டினேன். டாக்டர் சொன்னதை மறந்து கத்தினேன். யார் கட்டிய வீடு, யார் வாங்கிய ஓவன், யார் போட்ட சோறு என்று எல்லாம் கேட்டேன். ஓவன் அவள் சொந்தப் பணத்தில் வாங்கியது என்று மனைவி உள்ளிருந்து சொன்னாள்.

"நீயும் பாத்தியே, பன்னெண்டு முட்டைய எடுத்தப்ப? அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்று அவள்மேல் பாய்ந்தேன்.

"சொன்னா கேட்டிருப்பீங்களா?" என்றாள். "சொல்லுங்க, கேட்டிருப்பீங்களா?"

மறுநாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய், ஒரு புடவை எல்லாம் வைத்து எடுத்துக்கொண்டு அந்தக் கஃபேக்குப் போனேன். அறுபத்தாறு வயதில் நான் இன்னொருத்தர் வாசலில் தட்டோடு நின்றது அதுதான் முதல் தடவை. கடைசித் தடவையாகவும் இருக்கட்டும்.

அந்த அம்மா தட்டைத் தொடவில்லை. ஆனால் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார்.

"என் தப்பு. மருமகளுக்கு இதுல சம்பந்தம் இல்ல. அந்தப் பொண்ணு தங்கம்" என்றேன்.

"தெரியும். அவங்க நேத்தே வந்து பேசினாங்க. உங்களைப் பத்தி ஒரு வார்த்தை தப்பா சொல்லல."

"அப்புறம் என்னம்மா? பழையபடி வாங்கலாமே."

"ஐயா, நாங்க எப்படிங்க இனிமே நம்பி வாயில வைப்போம்? முட்டை போட்டதைக்கூட மன்னிச்சிருப்பேன். ஏதோ அவசரம், தெரியாத்தனம்னு. ஆனா அத்தனை பேர் சாப்பிட்டுட்டு இருக்கும்போது சிரிச்சிக்கிட்டே சொன்னீங்களே. அந்தப் பெரியவர் இருபது வருஷமா ஒரு விரதம் மாதிரி காப்பாத்தினவர். அன்னைக்குப் போனவர் இன்னும் கடைப் பக்கமே வரல. செருப்பு கூட இங்கதான் கிடக்குது. நான் அவர் முகத்துல எப்படி முழிப்பேன்?"

கார்த்திகைக்கு அந்த முன்மூலை என்ன ஆகும் என்று கேட்டேன். வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். புடவையை அப்படியே பீரோவில் வைத்தேன். மருமகளுக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தேன், துணிச்சல் வரவில்லை.

ஒரு வாரம் ஸ்டோர் ரூம் பூட்டிக் கிடந்தது. பிறகு ஒரு நாள் காலை டாட்டா ஏஸ் ஒன்று வந்து நின்றது. ஓவன், மேசை, தராசு, டின் எல்லாம் ஏறின. மகன்தான் ஒரு பக்கம் பிடித்து ஏற்றினான். அவள் அம்மா வீட்டுக்குப் போகிறதாம்.

"ஏம்மா, இங்க என்ன குறைச்சல்?"

"குறைச்சல் இல்ல மாமா. இந்த வீட்டு அட்ரஸ் சொன்னா யாரும் வாங்க மாட்டாங்க."

கடனோ உடனோ இல்லாமல் நான் கல் கல்லாக வைத்துக் கட்டிய வீடு. அந்த அட்ரஸைச் சொன்னால் சிமெண்டு கம்பெனிக்காரன் எழுந்து நிற்பான். அதைச் சொன்னால் ஒரு துண்டு கேக் விற்காது என்கிறாள். மறுத்துப் பேச அவள் பொய் எதுவும் சொல்லவில்லையே.

இப்போது காலையில் ஒன்பது மணிக்கு ஸ்கூட்டியில் அடி அண்ணாமலைக்குப் போகிறாள், சாயங்காலம் ஆறு மணிக்கு வருகிறாள். கிரிவலப் பாதையில் இருக்கிற சின்னக் கடைகளுக்குத் துண்டு போட்டுக் கவரில் கட்டிக் கொடுக்கிறாளாம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி நன்றாகப் போகிறதாம். மற்ற நாளில் கம்மி. இதெல்லாம் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். மருமகள் என்னிடம் பேசாமல் இல்லை. மாத்திரை போட்டீங்களா, டாக்டரிடம் எப்போது போகணும், கரண்ட் பில் வந்திருக்கு, எல்லாம் பேசுவாள். கேக் என்ற சொல் மட்டும் எங்கள் இருவருக்கும் நடுவில் வருவதில்லை.

இரண்டு மாதம் முடிந்து டாக்டர் கடைக்குப் போகலாம் என்றார். போனேன். என் நாற்காலியை மகன் பக்கவாட்டில் போட்டிருந்தான். வாடிக்கையாளர்கள் வணக்கம் வைத்துவிட்டு அவனிடம் போய் ரேட் கேட்டார்கள். மத்தியானமே வீட்டுக்கு வந்து பூண்டுக் குழம்பு வைத்தேன். மனைவி சாப்பிட்டாள். உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு அடுப்பைப் பற்றவைக்கவில்லை.

போன வாரம் தாங்க முடியாமல் ஆட்டோ பிடித்து அடி அண்ணாமலைக்குப் போனேன். சம்பந்தியம்மாவின் உடம்பை விசாரிக்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டேன். மாவு சலித்துக் கொடுக்கிறேன், வேறு எதையும் தொடமாட்டேன் என்று கேட்கப் போனேன். வழியெல்லாம் அதை எப்படிச் சொல்வது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

சம்பந்தியம்மா வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "வாங்கண்ணா, வாங்க. இளைச்சுட்டீங்களே" என்று நாற்காலி போட்டார். உள்ளே இருந்த ஒற்றை அறையின் கதவு சாத்தியிருந்தது. வீடு முழுக்க வாழைப்பழமும் ஏலக்காயும் மணத்தது. உள்ளே சல்லடை தட்டுகிற சத்தம் கேட்டது. அளவாக, அவசரமில்லாமல்.

"யாரும்மா?" என்று உள்ளிருந்து குரல்.

"உங்க மாமா வந்திருக்காரு."

சல்லடைச் சத்தம் நின்றது. கதவு கொஞ்சம் திறந்தது. முழங்கைவரை மாவோடு அவள் தலை நீட்டினாள்.

"தனியாவா வந்தீங்க? வெயில்ல ஏன் மாமா? போன் பண்ணியிருந்தா சாயங்காலம் நானே கூட்டினு போயிருப்பேனே."

"சும்மாதாம்மா. அம்மாவப் பாக்கலாம்னு..."

"உக்காருங்க. ஓவன்ல வெச்சிருக்கேன், இப்ப விட்டுட்டு வர முடியாது."

"பரவால்லம்மா. நீ பாரு."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தமும் கேட்டது. காற்றில் திறந்துகொள்ளும் கதவாக இருக்கலாம். அப்படித்தான் இருக்கும்.

சம்பந்தியம்மா டீ போட்டுக் கொண்டுவந்தார். தட்டில் பாக்கெட் பிஸ்கட் நாலு இருந்தது. அந்த வாசனைக்கு நடுவில் அதை என் முன்னால் வைத்தபோது அவருக்கே ஒரு மாதிரி ஆகியிருக்க வேண்டும். "எல்லாம் எண்ணி கவர் போட்டுட்டா, அண்ணா. மீதி வைக்கறதில்ல" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு.

"எனக்கு இதுதான் புடிக்கும் தங்கச்சி" என்றேன்.

டீயில் நனைத்து நாலு பிஸ்கட்டையும் தின்றேன். கதவு திறக்கிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு ஆட்டோக்காரனை வரச் சொன்னேன்.